முழு விவரம்

யூராலஜிஸ்ட் என்ற சொல்லை ஜெயமணி அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. தேவை வந்த அன்று மருந்துக் கடையில் போய் நின்று, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, ஒண்ணுக்குப் போறதுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் நம்மூர்ல நல்லவங்க யாராச்சும் இருக்காங்களா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "கிட்னிக்கா, மூத்திரப் பைக்கா? ரெண்டுக்கும் டாக்டர் வேறங்க."

"பைக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கு. ஸ்கேன்ல ஏதோ வளர்த்தி இருக்குதுன்னு எழுதியிருக்காங்க."

"அப்ப யூராலஜிஸ்ட். ஆபரேஷன் பண்றவரா பாருங்க. துலாம் ஆப்புல தேடுனீங்கன்னா திருப்பூர்ல இருக்கறவங்க எல்லாரும் வந்துருவாங்க. தள்ளிப் போடாதீங்க."

நல்லசிவம் ஏற்கெனவே தள்ளிப் போட்டிருந்தார். சிறுநீரில் சிவப்பு வந்த முதல் தடவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இளவயசில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த நாட்களில் அவர் கை திங்கட்கிழமை நீலமாக இருக்கும், செவ்வாய்க்கிழமை சிவப்பாக இருக்கும். "மொதல்ல சாயம்னுதான் அம்மிணி நெனைச்சேன்," என்றார், ஜெயமணி கடைசியில் கண்டுபிடித்துக் கேட்டபோது. பட்டறையை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் அப்படித்தான் நினைத்தாராம். வலி இல்லை என்பதால் இரண்டாவது தடவையும் விட்டுவிட்டார். மூன்றாவது தடவை குளியலறையைக் கழுவப் போன ஜெயமணி பார்த்துவிட்டாள்.

கோயமுத்தூர், சென்னை என்று போக முடியாது. அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. அவிநாசி ரோட்டில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் மருந்து ஏற்ற அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னார்கள். டாக்டர் உள்ளூரில்தான் வேண்டும்.

அந்தச் சமயத்தில் மருத்துவரைத் தேட எல்லோரும் துலாத்தைத்தான் நம்பினார்கள். போலி டாக்டர்கள் பெருகிப் போனபோது அரசாங்கம் கொண்டுவந்த செயலி அது. போனில் திறந்தால் மருத்துவர் படித்த படிப்பு, கவுன்சில் பதிவு எண், எங்கே வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். அதன் கீழே 'முழு விவரம்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் அவர் செய்த ஆபரேஷன்கள், பிழைத்தவர்கள், திரும்பி வந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாம் வரிசையாக விரியும். இறப்புக்குச் சிவப்புப் புள்ளி. நோயாளியின் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் அதோடு இணைத்துவிட்டால், இவருக்கு இந்த டாக்டர் பொருந்துவாரா என்றும் அதுவே சொல்லும்.

ஜெயமணி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள். இப்போது கேமராதான் துணியைப் பார்க்கிறது. கேமரா சரி என்று விட்டதை மறுபடி பார்க்கிற மேசையில் ஜெயமணி இருக்கிறாள். பீஸைக் கையில் எடுத்தால் உள்பக்கம் வெளியே திருப்பாமல் விடமாட்டாள். தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். "ஜெயமணியக்கா கையில மாட்டினா சாமியே வந்தாலும் ரிஜெக்ட்தான்," என்று மேசைக்கு எதிரே இருக்கிற பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

தவிர, அதே மேசையில் வேலை பார்க்கும் மாலதி வீட்டுக்காரரின் கதை அவளுக்குத் தெரியும். கல்லடைப்பு என்று ஒருவனிடம் போனார். போர்டில் நாலைந்து பட்டம் எழுதியிருந்தான். போலீஸ் பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவன் படித்தது ஒன்பதாம் வகுப்பு. மாலதி வீட்டுக்காரருக்கு இப்போது ஒரு கிட்னிதான்.

ஓசூரிலிருந்து மகள் பிரதீபா போனில் அதையேதான் சொன்னாள். "அம்மா, யாரோ சொன்னாங்கன்னு போய் நிக்காத. நல்லா செக் பண்ணிட்டுப் போ. உனக்குச் சொல்லித் தரணுமா என்ன."

சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஜெயமணி நல்லசிவத்தின் ஸ்கேனைத் துலாத்தில் இணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தவர் டாக்டர் ஞானதுரை. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் கிளினிக். யூராலஜி மேற்படிப்பு முடித்தவர், பதிவு எண் சரியாக இருந்தது, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்கிறவர். ஜெயமணி முழு விவரத்தை அழுத்தினாள். பச்சைப் புள்ளிகள் நிறைய. நடுவில் ஒரு சிவப்பு.

"ஒருத்தர் செத்திருக்காருங்க இவருகிட்ட."

நல்லசிவம் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். "எத்தனை பேருக்குப் பண்ணியிருக்காராம்?"

"நெறையப் பேருக்குத்தான். ஆனா ஒண்ணு சிவப்புங்க."

"ஒண்ணுதானே."

"அந்த ஒண்ணு யாரோ ஒருத்தி வீட்டுக்காரர்."

ஜெயமணி ஞானதுரையைத் தள்ளிவிட்டு அடுத்தவரைத் திறந்தாள்.

அடுத்தவர் நடுவில் ஒரு வருஷம் எங்கேயும் வேலை பார்க்கவில்லை. ஏன் என்று எழுதவில்லை. தள்ளினாள். இன்னொருவர் வெளிநாட்டில் படித்தவர். இங்கே வந்து எழுதிய தேர்வில் இரண்டாவது தடவைதான் தேறியிருந்தார். அவரும் போனார். ஒருவரிடம் ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அதிகம். ஒரு அம்மா டாக்டர் எல்லா விதத்திலும் நன்றாக இருந்தார், ஆனால் கல் எடுத்ததுதான் நிறைய, பையில் வளர்த்தி எடுத்தது கொஞ்சம். தினம் வேலை முடிந்து வந்து, டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். ஒருவர் விடாமல் முழு விவரம்.

"பிரதீபாவுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இவ்வளவு விசாரிக்கல," என்றார் நல்லசிவம்.

"அன்னிக்கு விசாரிச்சிருந்தா அவன் சம்பளத்துல பாதி கடன்னு தெரிஞ்சிருக்கும். இன்னிக்காவது பாக்கறேன், சும்மா இருங்க."

"இந்தக் காதுல முடி இருக்கற டாக்டர் எப்படி?"

"அவரு ஒரு ஆபரேஷனுக்கு நாலு மணி நேரம் எடுத்துக்கறாருங்க. மத்தவங்க ரெண்டு."

"பொறுமைசாலின்னு வெச்சுக்கலாமில்ல."

"கை வராதுன்னு வெச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஸ்கேன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தச் சாயங்காலங்களில்தான்.

கடைசியில் ஒருவர் அகப்பட்டார். அவிநாசி ரோட்டில் பெரிய கண்ணாடிக் கட்டடம். சிவப்பு ஒன்றுகூட இல்லை. இடைவெளி இல்லை, புகார் இல்லை, எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஜெயமணி திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இருவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள்.

"டாக்டர் இப்ப புது கேஸ் எடுக்கறதில்லம்மா."

"போன் பண்ணப்ப வரச் சொன்னீங்களே கண்ணு."

"அப்ப இவரோட விவரம் பாக்கலீங்க. இப்பத்தான் பாத்தாங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வேற இடத்துல பாத்துக்கங்க ஆன்ட்டி. இங்க உக்காந்திருந்தாலும் கூப்பிடமாட்டாங்க."

ஜெயமணி இரண்டாவதாக வைத்திருந்த டாக்டரிடம் போனாள். அவர் ஊரில் இல்லை என்றார்கள். அவருடைய கார் வாசலில் நின்றது. கல் எடுக்கிற அம்மா டாக்டர் நேரிலேயே வந்து, "நான் எடுத்தா சரியா வராதும்மா," என்று தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார். நாலு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. கடைசியில் வாடகைக் கார் பிடித்து, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கோயமுத்தூருக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் திரையைப் பார்த்தார்கள். பிறகு இவரைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது காரிலேயே நல்லசிவத்துக்குச் சிவப்பு போனது. இந்தத் தடவை கட்டியாக இருந்தது. அவர் டிரைவரிடம் திரும்பி, "தம்பி, சீட்டுக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க," என்றார். ஜெயமணி தன் சேலை முந்தானையை அவர் மடியில் போட்டு மூடினாள்.

மறுநாள் அவர்கள் டாக்டர் ஞானதுரையின் கிளினிக்குக்கு நடந்து போனார்கள்.

ஞானதுரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா கசிந்து ஒரு நீலக் கறை. ஜெயமணியின் கண் அங்கேதான் முதலில் போனது. அவர் நல்லசிவத்தைப் படுக்க வைத்துப் பார்த்தார். எங்கே வேலை பார்த்தீர்கள், சிகரெட் உண்டா, எவ்வளவு நாளாக இப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு அவரை மறுபடி ஸ்கேன் எடுக்க நர்ஸோடு அனுப்பிவிட்டு, ஜெயமணியை உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரருக்கு முதல் ஸ்கேன் எடுத்தப்ப துலாத்துல என்ன எண் இருந்துச்சு, தெரியுமாம்மா?"

"எண்ணா? டாக்டருக்குத்தானுங்களே எண் போடறாங்க."

"நோயாளிக்கும் உண்டு. டாக்டர் எப்படின்னு நீங்க பாக்கறீங்கல்லா? அதே மாதிரி நோயாளி எப்படின்னு நாங்க பாப்போம். எங்ககிட்ட வந்து ஒருத்தர் இறந்தா எங்களுக்குச் சிவப்புப் புள்ளி விழுது. அப்ப வர்றவர் பிழைக்கிற ஆளா இல்லையான்னு எங்களுக்கும் காட்டணும்னு டாக்டருங்க எல்லாம் சேர்ந்து கேட்டாங்க. அரசாங்கத்துல கொடுத்துட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு முதல்ல எண்பத்தாறு. ரொம்ப நல்ல எண். யாரு வேணும்னாலும் எடுத்திருப்பாங்க."

"இப்ப?"

"முப்பத்தொண்ணு."

ஜெயமணிக்கு உடனே புரியவில்லை. "அதுக்குள்ள அவ்வளவு முத்திருச்சுங்களா?"

"கொஞ்சம் முத்தியிருக்கும். அது ஸ்கேன்ல தெரியும். ஆனா எண் இவ்வளவு இறங்கினது நோயால இல்ல." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க முழு விவரம் பாத்தீங்கல்லா, ஒவ்வொரு டாக்டருக்கும்? பாக்கும்போது அவரோட ஸ்கேனும் அந்த டாக்டர் கணக்குல போய் நிக்கும். அப்புறம் நீங்க அவர்கிட்ட போகல. துலாம் என்ன எழுதிக்கிடும்னா, இந்த நோயாளி இந்த டாக்டர்கிட்ட வந்தார், எடுக்கப்படல. அவ்வளவுதான்."

"நாந்தானுங்க அவங்கள வேண்டாம்னேன்."

"அது மிஷினுக்குத் தெரியாதும்மா. அதுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கல, அதுவா பாத்துக் கத்துக்கிட்டது. நிறைய டாக்டருங்க கைவிட்ட நோயாளிங்க நிறையப் பேர் இறந்திருக்காங்க. வாஸ்தவம்தான். முத்தின கேஸைத்தானே எல்லாரும் தட்டிக்கழிப்பாங்க. அதை வெச்சு, நிறைய இடத்துல நின்னு எடுக்கப்படாதவர் பிழைக்கமாட்டார்னு அது ஒரு முடிவுக்கு வந்துட்டு. நீங்க ஒருத்தரைத் தள்ளத் தள்ள இவர் எண் இறங்கும். எண் இறங்கினதைப் பாத்து அடுத்தவர் தள்ளுவார். மறுபடி இறங்கும்."

ஜெயமணி தன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள். கம்பெனியில் மேசை மேசையாகப் போய்த் திரும்பி வந்த பீஸை யாரும் விரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற நேரம்கூட வீண் என்று நேராகக் கூடையில் போடுவார்கள். அவளும் போட்டிருக்கிறாள்.

"செக் பண்ணாம எப்படிங்க டாக்டர் போறது?" என்றாள். "எங்க கம்பெனில ஒரு பொண்ணு வீட்டுக்காரருக்கு, படிக்காதவன் ஊசி போட்டுக் கிட்னியே போயிருச்சு."

"செக் பண்ணது தப்பில்லம்மா. படிப்பு, பதிவு எண், என்ன ஆபரேஷன் பண்றார், எல்லாம் முதல் பக்கத்துல இருக்கு. அதைப் பாக்க எந்தக் கணக்கும் இல்ல. அதைப் பாத்துட்டு ரெண்டு பேரை நேர்ல போய்ப் பாத்திருந்தா போதும். இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கணும். யாரும் சொல்றதில்ல."

ஜெயமணி கேட்டாள்.

"உங்க பேர்ல ஒரு சிவப்பு இருக்குதுங்களே. அது யாருங்க?"

"ஒரு லாரி டிரைவர். தாராபுரத்துக்காரர்." ஞானதுரை தன் சட்டைப் பையில் இருந்த கறையை அப்போதுதான் பார்த்தார். பேனாவை எடுத்து மேசை மேல் வைத்தார். "யாரும் எடுக்கலன்னு என்கிட்ட வந்தார். பத்துல ஒரு பங்கு பிழைக்க வாய்ப்பு இருந்துச்சு. அந்த ஒரு பங்கை நான் பிடுங்கிக்கிடலாமாம்மா? எடுத்தேன். அவர் போயிட்டார்."

ஜெயமணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் புள்ளிக்காக இவரை அவள் முதல் நாளே தள்ளியிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரை எடுப்பீங்களா?"

"ஆஸ்பத்திரியில நாற்பதுக்குக் கீழ இருந்தா தியேட்டர் தரமாட்டாங்க. நான் என் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தா தருவாங்க. அதுக்கு அவங்க கமிட்டி கூடணும், கொஞ்ச நாள் இழுப்பாங்க. எழுதிக் கொடுக்கேன். பார்த்துக்கிடலாம்." எழுந்தவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நீங்க ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் நோயாளி போனுக்கு ஒரு கேள்வி போகும். உங்க விவரத்தைக் காட்டலாமா, காட்டினா எண் குறையலாம்னு. அவர் சம்மதம்னு அழுத்தினாத்தான் உங்களுக்கே பக்கம் திறக்கும். இவர் எல்லாத்துக்கும் சம்மதம்னு அழுத்தியிருக்காரேம்மா."

ஸ்கேன் முடிந்து நல்லசிவம் வந்தபோது ஜெயமணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பேக்கரி இருந்தது. அவர் பேக்கரிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வரும்வரை காத்திருந்தாள். இரண்டு டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை.

"போன்ல கேட்டுச்சாமே," என்றாள்.

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. "டாக்டர் சொன்னாராக்கும்."

"படிச்சீங்களா, படிக்காமயே அமுக்குனீங்களா?"

"படிச்சேன். தமிழ்ல தெளிவாத்தான் போட்டிருந்தான்."

"எண் கொறையும்னு?"

"கொறையலாம்னு. மொத ரெண்டு மூணு தடவை ஒண்ணு, ஒண்ணரை கொறைஞ்சுது. சரி, எண்பத்தாறுல ஒண்ணு போனா என்னன்னு விட்டுட்டேன். இதோட நிறுத்திருவ, அடுத்ததோட நிறுத்திருவன்னு பார்த்தேன். நீ செக்கிங் பண்ண உக்காந்து எப்ப நிறுத்தியிருக்க?"

"விளையாடாதீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொன்னா நிறுத்திருப்ப."

"நிறுத்தறதுக்குத்தான் சொல்லோணும்."

நல்லசிவம் டீ டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். அப்படியெல்லாம் பேசிப் பழக்கம் இல்லாத மனிதர்.

"ஸ்கேன் வந்த அன்னிக்கிருந்து நீ என்னை எப்படிப் பாத்துட்டு இருந்த, தெரியுமா? எழவு வீட்டுல கெடத்தியிருக்கறவனைப் பாக்கற மாதிரி. சோறு போட்டுட்டு நின்னு பாப்ப. நான் குளிக்கப் போனா கதவுகிட்ட நிப்ப. ஒரு சண்டை உண்டா, ஒரு திட்டு உண்டா? அந்தத் துலாத்தை எடுத்து உக்காந்ததுக்கப்புறந்தான் அம்மிணி நீ பழையபடி ஆன. இவன் சரியில்ல, அவனுக்குக் கை வராதுன்னு பேசிட்டே இருப்ப. அதைக் கேட்டுட்டு இருந்தா எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. நீ யாருக்கோ டாக்டர் தேடற மாதிரி. போன்ல கேக்கறப்பெல்லாம், வேண்டாம்னு போட்டா இன்னிக்குச் சாயங்காலம் இருக்காதேன்னுதான் தோணுச்சு."

ஜெயமணி அழவில்லை. பேக்கரிக்காரர் டீ ஆறிவிட்டதே என்று கேட்டபோது, "பரவால்லீங்க," என்று எடுத்து முழுவதையும் குடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது, ஒத்திவைத்தது, மறுபடி கூடியது. ஞானதுரை தினமும் போன் செய்து கேட்டார். ஒருநாள் அவரே நேரில் போய் உட்கார்ந்துகொண்டு, கையெழுத்து வாங்காமல் எழமாட்டேன் என்றாராம். தியேட்டர் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து ஞானதுரை வெளியே வந்தபோது ஜெயமணியும் பிரதீபாவும் எழுந்து நின்றார்கள். அவர் பிரதீபாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"வளர்த்தி பைச் சுவரைத் தாண்டி வெளிய போயிட்டும்மா. எடுக்க முடிஞ்சதை எடுத்திருக்கேன். மருந்து கொடுத்துப் பாப்போம். கொஞ்சம் முன்னாடி..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். முடிக்காத அந்த வாக்கியத்தை ஜெயமணி அதற்குப் பிறகு தினமும் முடித்தாள். சோறு வடிக்கும்போது முடித்தாள், டியூபில் மாட்டிய மூத்திரப் பையை மாற்றும்போது முடித்தாள். நல்லசிவத்துக்கு அது தெரியும். ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மணி, அந்தக் காதுல முடி இருக்கற டாக்டரைப் பத்தி ஏதாச்சும் திட்டேன்," என்றார். அவளால் முடியவில்லை. அவரே இரண்டு வார்த்தை திட்டினார், அவளுக்குப் பதிலாக.

ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்து வந்திருந்த உறம்பரைச் சனமெல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு, ஒரு பகலில் ஜெயமணியின் போனுக்குத் துலாத்திலிருந்து செய்தி வந்தது. மருத்துவர் ஞானதுரையின் பதிவில் இறப்பு ஒன்று சேர்க்கப்படுகிறது, குடும்பத்தார் உறுதிசெய்யவும். கீழே காரணம் கேட்டிருந்தது. மருத்துவரின் தவறு, நோய் முற்றிய நிலை, தெரியவில்லை. இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். நான்காவதாக ஏதாவது எழுத இடம் இருக்கிறதா என்று ஜெயமணி கீழே தள்ளிப் பார்த்தாள். இல்லை. நோய் முற்றிய நிலை என்பதைத் தொட்டாள். சிவப்புப் புள்ளி எப்படியும் விழுந்தது. மற்ற நோயாளிகளின் குடும்பத்தார் உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்று அடுத்து கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள்.

அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அக்கா, வணக்கங்க்கா. பல்லடத்துல இருந்து வினோதினி பேசறேன். துலாத்துல உங்க நம்பர் குடுத்திருந்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, கேக்கறதுக்கே சங்கடமா இருக்குது. டாக்டர் ஞானதுரைகிட்ட ரெண்டு சிவப்பு இருக்குதுங்களே, அதான்."

"ரெண்டாவது எங்க வீட்டுக்காரர்."

"அய்யோ, மன்னிச்சுக்கங்க்கா."

"பரவால்ல சாமி. உங்க வீட்டுக்காரருக்கா?"

"ஆமாங்க்கா. பையில சின்னதா இருக்குதாம். ஆரம்பம்தான்னு சொன்னாங்க. அதான் நல்ல டாக்டரா பாத்துரலாம்னு."

"அவரு நல்ல டாக்டர்தான். நேரா அவருகிட்டயே போங்க. நாளைக்கே போங்க."

"சரிங்க்கா," என்றது அந்தக் குரல். மரியாதையான குரல். அதிலேயே ஜெயமணிக்குத் தெரிந்துவிட்டது, ஞானதுரையை இந்தப் பெண் ஒதுக்கிவிட்டாள் என்று.

"இதுவரைக்கும் எத்தனை பேரைப் பாத்தீங்க?"

"இப்பத்தானுங்க்கா ஆரம்பிச்சேன். பதினோரு பேர் இருக்கும்."

"முழு விவரமா?"

"பின்னே? முன்பக்கத்துல என்னங்க்கா தெரியும்? நான் டீச்சருங்க்கா, ஒரு பேப்பரை முழுசாப் படிக்காம மார்க் போடமாட்டேன்." லேசாகச் சிரித்தாள்.

ஜெயமணி சொன்னாள். டாக்டர் ஞானதுரை திரையைத் திருப்பிக் காட்டிச் சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள். எண் எப்படி இறங்கும், ஏன் இறங்கும், அந்த இரண்டு சிவப்பும் எப்படி விழுந்தது, எல்லாம். எதிர்முனையில் வினோதினி பொறுமையாக 'ம்' கொட்டினாள்.

"சரிங்க்கா. நீங்க சொல்றது புரியுது. இன்னும் ரெண்டே ரெண்டு பேரை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிர்றேன்."

"நான் சொன்னா நீங்க நிறுத்தமாட்டீங்க," என்றாள் ஜெயமணி. "என்கிட்ட யாராச்சும் சொல்லியிருந்தாலும் நானும் நிறுத்தியிருக்கமாட்டேன். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?"

"டிவி பாத்துட்டு இருக்காருங்க்கா."

"அவரு போனை வாங்கிப் பாருங்க. துலாத்துல இருந்து அவருக்கு என்ன வந்திருக்குது, அவரு என்ன அமுக்கியிருக்காருன்னு பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, உங்க போனைக் குடுங்க."

"எதுக்கு இப்ப?"

"குடுங்கன்னா."

"சார்ஜ் இல்ல வினோ."

"எரியுது பாருங்க லைட்டு. குடுங்க."

கொஞ்ச நேரம் கிரிக்கெட் மட்டும் கேட்டது. யாரோ அவுட் ஆனார்கள், கூட்டம் கத்தியது. பிறகு யாரோ டிவியை அணைத்தார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஜெயமணி காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.